வேட்பும் பரிந்துரையும்: யார் பெயரை யார் சொல்வது?

எங்கள் ஊர் வாசகர் வட்டத்தின் ஆண்டுப் பேரவை அடுத்த மாதம் கூடுகிறது. இரண்டு விதிகளை அன்று முடிவு செய்தாக வேண்டும். செயலாளர், பொருளாளர் பொறுப்புகளுக்கு யார் பெயரை யார், எப்படி முன்வைப்பது என்பது ஒன்று. மாவட்டத்து எழுத்தாளர் ஒருவரின் முதல் சிறுகதைத் தொகுப்புக்கு நாங்கள் கொடுக்கும் சிறிய பரிசுக்கு நூல்கள் எந்த வழியில் வந்து சேர வேண்டும் என்பது இன்னொன்று. விதிகளை எழுதித் தரும் வேலையை என்னிடமும் இரண்டு நண்பர்களிடமும் ஒப்படைத்திருக்கிறார்கள். மூன்று மாதமாக உலகில் எங்கெங்கே எப்படிச் செய்கிறார்கள் என்று படித்து, மாலை வேளைகளில் நூலகத் திண்ணையில் வாதாடிக்கொண்டிருக்கிறோம். குடியிருப்போர் சங்கம், கோயில் விழாக் குழு, பழைய மாணவர் சங்கம் என்று எதில் இருப்பவருக்கும் இந்தக் கேள்வி என்றாவது வரும் என்பதால் எங்கள் வாதங்களைப் பொதுவில் வைக்கிறேன்.

இதுவரை நடந்ததைச் சொன்னால்தான் எங்கள் கவலை புரியும். பேரவையில் ஒருவர் எழுந்து ஒரு பெயரைச் சொல்லி "முன்மொழிகிறேன்" என்பார். இன்னொருவர் இருந்த இடத்திலிருந்தே "வழிமொழிகிறேன்" என்பார். கைதட்டுவோம். ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்று தீர்மான நோட்டில் ஏறிவிடும். மூன்றாண்டுகளுக்கு முன் இப்படிப் பொருளாளர் ஆனவர் அன்று கூட்டத்துக்கே வரவில்லை. மறுநாள் தேநீர்க் கடையில் ஒருவர் வாழ்த்துச் சொன்னபோதுதான் அவருக்கே செய்தி தெரிந்தது. அந்த ஓராண்டு வரவுசெலவு முழுமையாக எழுதப்படவில்லை. அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவருக்குச் சம்மதமா என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லையே.

பரிசு விஷயம் இதைவிட அதிகமாக என்னை உறுத்துகிறது. "நூலின் நான்கு படிகளை ஆசிரியரே அனுப்ப வேண்டும்" என்று ஆண்டுதோறும் அறிவிப்புக் கொடுத்துவந்தோம். பக்கத்துக் கிராமத்தில் செவிலியராக இருக்கும் ஒரு பெண்மணி, பிரசவ அறைகளையும் இரவுப் பணிகளையும் வைத்து ஒன்பது கதைகள் எழுதி, சொந்தச் செலவில் முந்நூறு படிகள் அச்சிட்டிருந்தார். தற்செயலாக என் கைக்கு வந்தது. அந்த ஆண்டு எங்கள் பார்வைக்கு வந்த எந்த நூலும் அதன் பக்கத்தில் நிற்காது என்று இன்றும் நினைக்கிறேன். ஏன் அனுப்பவில்லை என்று பிறகு ஒருநாள் கேட்டேன். "என் புத்தகம் நல்ல புத்தகம், பரிசு கொடுங்கள் என்று நானே எழுதி அனுப்பணுமா சார்?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

ஆங்கிலத்தில் தேர்தலுக்கும் விருதுக்கும் நாமினேஷன் என்று ஒரே சொல்தான். தமிழில் நமக்கு இரண்டு இருக்கின்றன. தேர்தலில் நிற்பவர் கொடுப்பது வேட்புமனு. வேட்பு என்றால் விருப்பம். வேட்பாளர் விரும்பி வந்து நிற்பவர். விருதுக்கு ஒரு பெயரைச் சொல்வது பரிந்துரை, அதாவது பரிந்து உரைப்பது: இன்னொருவர் மேல் உள்ள பற்றினால் அவருக்காக வாய் திறப்பது. எங்கள் வட்டம் இந்த இரண்டையும் இத்தனை காலம் மாற்றிப்போட்டு வைத்திருந்தது என்பதே நான் வந்து சேர்ந்திருக்கும் முடிவு. பொறுப்புக்கு வர வேண்டியவரின் விருப்பத்தைக் கேட்காமல் பெயரைச் சொன்னோம்; பரிசுக்கு உரியவரை அவரே வந்து விரும்பிக் கேட்கச் சொன்னோம். இனி எழுதப்போகும் ஒப்பீடுகள் எல்லாம் இந்த இரண்டையும் அதனதன் இடத்தில் வைப்பதற்காகத்தான்.

பொறுப்புக்கு: எத்தனை கையெழுத்து?

முதலில் பொறுப்புகள். விரும்புகிற எவரும் மனுக் கொடுக்கலாம் என்று வாசலை முழுதாகத் திறந்து வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊரிலேயே பெரிய சாட்சி இருக்கிறது. 1996 சட்டமன்றத் தேர்தலில் மொடக்குறிச்சித் தொகுதியில் 1,033 வேட்பாளர்கள் நின்றார்கள். தங்கள் குறைகள் மேல் கவனம் திரும்ப வேண்டும் என்று விவசாயிகள் கூட்டம் கூட்டமாக மனுத் தாக்கல் செய்ததன் விளைவு அது. வாக்குச்சீட்டு ஒரு புத்தகமாகவே அச்சாயிற்று. அப்போது சட்டமன்றத்துக்கு வைப்புத்தொகை 250 ரூபாய்தான். அதே ஆண்டில் சட்டத்தைத் திருத்தி வைப்புத்தொகையை உயர்த்தினார்கள். அங்கீகரிக்கப்பட்ட கட்சியைச் சேராதவருக்குத் தொகுதி வாக்காளர்கள் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும் என்றும் வைத்தார்கள். அங்கீகாரம் பெற்ற கட்சியின் வேட்பாளருக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும். இன்று வைப்புத்தொகை சட்டமன்றத்துக்கு 10,000, மக்களவைக்கு 25,000 ரூபாய். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அதில் பாதி.

குடியரசுத் தலைவர் தேர்தலும் இதே பாதையில் வந்தது. 1967-இல் 17 பேர் நின்றார்கள். அவர்களில் ஒன்பது பேருக்கு ஒரு வாக்குகூட விழவில்லை. 1974-இல் பத்து முன்மொழிவோர், பத்து வழிமொழிவோர் என்று வரம்பு வந்தது. 1997-இல் அது ஐம்பது, ஐம்பது ஆனது. இன்று நூறு மக்கள் பிரதிநிதிகளின் கையெழுத்து இல்லாமல் யாரும் அந்தத் தேர்தலில் நிற்க முடியாது.

இந்த வரலாற்றைப் படித்ததும் எங்கள் குழுவில் ஒரு நண்பர், 140 உறுப்பினர்கள் இருக்கும் வட்டத்துக்கு ஐந்து கையெழுத்து வேண்டும் என்றார். விளையாட்டாக நிற்பவர்களை அது தடுக்கும் என்பது அவர் வாதம். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. மொடக்குறிச்சி விவசாயிகள் விளையாட்டுக்காக நிற்கவில்லை என்பது இருக்கட்டும். எங்கள் வட்டத்தில் பொறுப்புக்கு ஆள் அதிகமாகி ஒருநாளும் திண்டாடியதில்லை. நூறு பேர் மோதும் வாசலுக்குப் போடும் பூட்டை, ஒருவரும் நுழையாத வாசலுக்கு ஏன் போட வேண்டும்?

கையெழுத்துக்கு இன்னொரு முகம் உண்டு. அதை நாம் மறக்கக் கூடாது. 1996-இல் உள்ளாட்சித் தேர்தல் வந்தபோது மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டக்காச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளின் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. அடுத்த பத்தாண்டுகள் அங்கே தலைவர் என்று ஒருவர் நிலைக்கவில்லை. தேர்தல் அறிவிப்பார்கள், மனுக் கொடுக்க ஆள் வராது. அல்லது ஆதிக்க சாதியினர் காட்டும் ஒருவர் மனுக் கொடுத்து, ஜெயித்த கையோடு பதவி விலகிவிடுவார். 2006-இல்தான் அந்த ஊர்களில் முறையாகத் தேர்தல் நடந்து தலைவர்கள் பதவியில் அமர்ந்தார்கள். அதே மதுரை மாவட்டத்தின் மேலவளவில் ஊராட்சித் தலைவர் பதவிக்கு மிரட்டலை மீறி நின்று வென்ற முருகேசன், 1997-இல் உடன் சென்றவர்களோடு கொல்லப்பட்டார். வாக்குப்பெட்டி வரைக்கும் போகவே தேவையில்லை. மனுக் கொடுக்கும் மேசையிலேயே ஒரு தேர்தலை முடித்துவிடலாம் என்பதை இந்த ஊர்கள் நமக்குக் காட்டின. எங்கள் சிறிய வட்டத்தை அந்தத் துயரங்களோடு ஒப்பிடும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் இப்போதைய செயலாளரை எதிர்த்து நிற்க நினைக்கும் ஒருவருக்கு ஐந்து பேர் வெளிப்படையாகக் கையெழுத்துப் போட வேண்டும் என்றால், முகத்தாட்சண்யம் நிறைந்த சிறிய ஊரில் எத்தனை பேர் போடுவார்கள்? வாக்கு ரகசியமானது. முன்மொழிவு அப்படி இல்லை. எத்தனை கையெழுத்துக் கேட்கிறோமோ அத்தனை பேரைத் துணிவைக் காட்டும்படி கேட்கிறோம்.

கையெழுத்துப் பின்னால் மறுக்கப்பட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறோம். 2017-இல் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் நடிகர் விஷாலின் மனு, முன்மொழிந்த பத்துப் பேரில் இருவர் அது தங்கள் கையெழுத்து அல்ல என்று சொன்னதால் தள்ளுபடி ஆனது. 2024 மக்களவைத் தேர்தலில் சூரத் தொகுதியில் காங்கிரஸ் வேட்பாளரின் மனுவும் இதே காரணத்தால் தள்ளுபடியானது. மற்ற வேட்பாளர்கள் விலகிக்கொண்டார்கள். பாஜக வேட்பாளர் போட்டியின்றித் தேர்வானதாக அறிவிக்கப்பட்டார். அந்தத் தொகுதியின் வாக்காளர்கள் யாரும் அந்தத் தேர்தலில் வாக்குச்சாவடிக்குப் போகவில்லை. இந்த இரண்டையும் படித்த பிறகு எங்கள் வரைவில் இரண்டு வரிகள் சேர்த்தோம். முன்மொழிபவர் நூலகத்துக்கு நேரில் வந்து நூலகர் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். ஒருவர் மட்டுமே நின்றாலும் 'வேண்டும்', 'வேண்டாம்' என்று வாக்கெடுப்பு நடக்க வேண்டும். 2013 முதல் வாக்குப்பதிவு இயந்திரத்தில் நோட்டாவைப் பார்த்துப் பழகிய உறுப்பினர்களுக்கு இது விளக்க வேண்டிய விஷயமே அல்ல.

முன்மொழிந்தவர் அந்த வேட்பாளருக்கே வாக்களிக்கக் கடமைப்பட்டவரா? இதற்குப் பிரிட்டனில் நல்ல உதாரணம் கிடைத்தது. 2015-இல் தொழிற்கட்சித் தலைவர் தேர்தலில் நிற்க 35 நாடாளுமன்ற உறுப்பினர்களின் பரிந்துரை தேவைப்பட்டது. ஜெரமி கார்பின் கடைசி நேரத்தில் 36 பெற்றார். கையெழுத்துப் போட்டவர்களில் சிலர் அவரை ஆதரிக்கவில்லை. விவாதத்தில் அந்தக் குரலும் இருக்கட்டும் என்று போட்டார்கள். பிறகு உறுப்பினர்கள் வாக்களித்தபோது கார்பின் 59.5 சதவீதம் பெற்று வென்றார். தலைவர்கள் ஓரமாக வைத்திருந்த ஒருவரை உறுப்பினர்கள் அவ்வளவு விரும்பினார்கள் என்பது வாசல் திறந்ததால் மட்டுமே வெளியே தெரிந்தது. ஆகவே "இவரை ஆதரிக்கிறேன்" என்பதற்குப் பதிலாக "இவர் நிற்கத் தகுதியானவர்" என்று எங்கள் படிவத்தில் எழுதியிருக்கிறோம். கையெழுத்துப் போடுகிறவரின் தோளிலிருந்து பாதிச் சுமை அதிலேயே இறங்கிவிடுகிறது.

பொறுப்பிலிருந்து விலகும் குழுவே அடுத்த பட்டியலைத் தயாரிப்பது என்ற முறையை அதிகம் பேசாமலே ஒதுக்கினோம். கட்சிகளில் விருப்ப மனு வாங்கி, நேர்காணல் நடத்தி, கடைசியில் தலைமை கையெழுத்திடும் படிவம் பி-யோடு வேட்பாளர் வருகிறார். கட்சிக்கு அது பொருந்தலாம். 1968-இல் அமெரிக்காவில் ஹூபர்ட் ஹம்ஃப்ரி வாக்காளர்கள் கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதனிலைத் தேர்தல் ஒன்றில்கூட நிற்காமல் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளரானார். அதனால் எழுந்த கோபத்தில்தான் அந்தக் கட்சி தன் முறையையே மாற்றிக்கொண்டது. 140 பேர் இருக்கும் வட்டத்தில் அப்படி ஒரு தலைமை தேவையே இல்லை.

வேட்பாளரே இல்லாத தேர்தல் ஒன்றும் உலகில் உண்டு. போப்பைத் தேர்ந்தெடுக்கும் கர்தினால்கள் முன்னால் பட்டியல் ஏதும் கிடையாது. ஒவ்வொருவரும் ஒரு பெயரை எழுதி மடித்துப் போடுகிறார்கள். மூன்றில் இரண்டு பங்கு ஒரே பெயருக்குச் சேரும்வரை திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். 2025 மே மாதம் 133 கர்தினால்கள் இரண்டே நாளில் முடித்தார்கள். எங்கள் நண்பர்களில் ஒருவருக்கு இந்த முறை மேல் பெரிய மரியாதை. ஒருவரை ஒருவர் அறிந்த சிறிய அவையில், தானாக முன்வரத் தயங்குபவரையும் இது கண்டுபிடிக்கும் என்கிறார். உண்மைதான். ஆனால் அங்கே வாக்கு எண்ணி முடிந்ததும் தேர்வானவரிடம் "ஏற்றுக்கொள்கிறீர்களா" என்று கேட்கிறார்கள். அவர் அதே அறையில் இருக்கிறார். எங்கள் பேரவைக்கு வருபவர்கள் ஐம்பது பேர். வராத ஒருவர் பெயரை எழுதினால் மறுபடியும் அந்தத் தேநீர்க் கடைக் கதைதான்.

உத்திரமேரூர்க் குடம்

தமிழில் இந்தப் பேச்சை எடுத்தால் உத்திரமேரூருக்குப் போகாமல் இருக்க முடியாது. அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊரை முப்பது குடும்புகளாக, அதாவது பகுதிகளாகப் பிரித்து, ஊர் வேலைகளைக் கவனிக்கும் வாரியங்களுக்குத் தகுதி உடையவர்களின் பெயர்களை ஓலையில் எழுதி, குடும்பு வாரியாகக் கட்டிக் குடத்தில் இட்டார்கள். விவரம் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். ஓலையை வாங்குபவர் ஐந்து விரலும் விரிய உள்ளங்கையை நீட்டித்தான் வாங்க வேண்டும். இரண்டு ஓலையை மறைத்து வைத்து மாற்றிவிட முடியாதபடி இப்படி ஒரு விதியை அந்த நாளில் யோசித்து வைத்தவரை நினைத்தால் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

பலரும் இங்கே குடத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். எனக்கு அதைவிட, ஓலையில் யார் பெயரை எழுதலாம் என்று கல்லில் வெட்டியிருக்கும் பகுதிதான் முக்கியமாகப் படுகிறது. 921-ஆம் ஆண்டு விதிப்படி வயது 35-க்கு மேல், 70-க்குக் கீழ். வேலி என்ற பழைய நில அளவில் காலுக்கு மேல் வரி செலுத்தும் நிலம். சொந்த மனையில் கட்டிய வீடு. வேத அறிவு. கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்திருக்கக் கூடாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவருக்கு இடமில்லை. அவருடைய நெருங்கிய உறவினர்களுக்கும் இடமில்லை. குடம் பார்ப்பதற்கு எல்லோரையும் ஒன்றாக நடத்துவதுபோல இருக்கும். ஆனால் அது பிராமண ஊரில் நிலம் உடைய ஆண்களுக்குள் மட்டும் சமத்துவம் காட்டிய குடம். உழுதவர்கள், பெண்கள், ஊர் எல்லைக்கு அப்பால் வைக்கப்பட்டவர்கள் ஓலைக்கே வரவில்லை. இதைச் சொல்லாமல் உத்திரமேரூரை மட்டும் மேடையில் புகழ்வது சரியல்ல.

இத்தாலியின் வெனிஸ் நகரம் 1268 முதல் 1797 வரை தன் தலைவரைத் தேர்ந்தெடுத்த முறையும் இதற்கு உறவுதான். சீட்டுக் குலுக்கலும் வாக்கெடுப்பும் மாறி மாறி வரும் பல சுற்றுகள். குலுக்கல் குண்டுகளை எடுக்க அங்கேயும் ஒரு சிறுவன். எந்தக் கோஷ்டியாலும் கடைசித் தேர்வாளர்கள் யார் என்று முன்கூட்டிக் கணக்குப் போட முடியாமல் செய்வதே அந்தச் சுற்றி வளைத்த ஏற்பாட்டின் நோக்கம்.

செயலாளரைக் குலுக்கலில் எடுக்கலாமா? கூடாது என்பது என் கருத்து. கடிதம் எழுதுவது, அரங்கம் பிடிப்பது, எழுத்தாளரை ரயில் நிலையத்திலிருந்து அழைத்து வருவது என்று ஆண்டு முழுக்க உடலுழைப்பும் மனமும் வேண்டிய வேலை அது. விரும்பி வருகிறவர்தான் செய்ய முடியும். ஆனால் உத்திரமேரூரின் இரண்டு விதிகளை அப்படியே எடுத்துக்கொள்கிறோம். முந்தைய கணக்கை ஒப்படைக்காதவர் நிற்க முடியாது. தொடர்ந்து ஒரே பொறுப்பில் இருந்தவர் மூன்று ஆண்டு இடைவெளி விட வேண்டும். உறவினர்களையும் விலக்கும் பகுதியை விட்டுவிட்டோம். ஒருவர் செய்த தவறுக்கு அவருடைய மருமகளைத் தண்டிப்பது இந்தக் காலத்துக்கு நியாயமாகாது. குடத்துக்கும் எங்களிடம் வேலை இருக்கிறது. அது பரிசுப் பக்கத்தில் வருகிறது.

பரிசுக்கு: தேடிப் போவது யார்?

விருதுகளில் வாசலை முழுதாகத் திறந்து வைத்திருப்பவை பத்ம விருதுகள். யாரும் யாரையும் பரிந்துரைக்கலாம். தன்னைத் தானே பரிந்துரைத்துக்கொள்ளவும் தடை இல்லை. இணையத்தில் படிவம், 800 சொற்களுக்கு மிகாமல் ஒரு குறிப்பு. ஆண்டுதோறும் பிரதமர் அமைக்கும் குழு, அமைச்சரவைச் செயலாளர் தலைமையில் பரிசீலிக்கிறது. 2019-இல் மதுரைப் பகுதியின் சின்னப்பிள்ளை, 2021-இல் நூறு வயதைக் கடந்த விவசாயி பாப்பம்மாள், 2023-இல் பாம்பு பிடிக்கும் இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகியோர் பத்மஸ்ரீ பெற்றபோது நாம் எல்லோரும் மகிழ்ந்தோம். தலைநகரின் வரவேற்பறைகளில் ஒருநாளும் உட்கார்ந்திராத இத்தகைய மனிதர்களின் பெயர் அந்தப் பட்டியலில் வருவது பெரிய காரியம்.

நோபல் பரிசு இதற்கு நேர் எதிர். தன்னைத் தானே பரிந்துரைக்க முடியாது. இலக்கியத்துக்கு ஸ்வீடிஷ் அகாதமி போன்ற அமைப்புகளின் உறுப்பினர்கள், இலக்கிய, மொழியியல் பேராசிரியர்கள், முன்பு பரிசு பெற்றவர்கள், எழுத்தாளர் சங்கங்களின் தலைவர்கள் ஆகியோர் மட்டுமே பெயர் சொல்லலாம். ஜனவரி 31 கடைசி நாள். யார் யாரைச் சொன்னார்கள் என்பது 50 ஆண்டுகளுக்கு வெளியே வராது. இந்த முறையின் அழகு 1913-இல் தெரிந்தது. தாகூரைப் பரிந்துரைத்தவர் இங்கிலாந்துக் கவிஞர் தாமஸ் ஸ்டர்ஜ் மூர் ஒருவர்தான். எத்தனை பேர் சொன்னார்கள் என்று அங்கே எண்ணவில்லை. ஒருவர் சொன்னார், அகாதமி எடுத்துப் படித்தது. அதே முறையின் குறையும் நமக்கு நெருக்கமானதுதான். காந்தியின் பெயர் சமாதானப் பரிசுக்கு 1937, 1938, 1939, 1947, 1948 ஆகிய ஐந்து ஆண்டுகளில் சொல்லப்பட்டது. 1948-இல் பரிந்துரைக் கெடு முடிவதற்கு இரண்டு நாள் முன் அவர் சுடப்பட்டார். உயிரோடு இருப்பவர்களில் தகுதியானவர் இல்லை என்று சொல்லி அந்த ஆண்டுப் பரிசை யாருக்கும் கொடுக்காமல் விட்டார்கள். உரியவரின் பெயரை மேசைக்குக் கொண்டுவருவதோடு பரிந்துரையின் வேலை முடிந்துவிடுகிறது. மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு மனம் வர வேண்டும். 1974-இல் ஸ்வீடிஷ் அகாதமியினர் இலக்கிய நோபலைத் தங்கள் உறுப்பினர்களான ஐவிண்ட் யான்சன், ஹாரி மார்ட்டின்சன் இருவருக்கே பகிர்ந்து கொடுத்தார்கள். பெரிய எழுத்தாளர்களாகவே இருந்தாலும் அந்தப் பழி இன்றும் நீங்கவில்லை. எங்கள் குழுவில் இருப்பவரின் நூல் அந்த ஆண்டுப் பரிசுக்கு வரக் கூடாது என்பதில் எங்கள் மூவருக்குள் ஒரு நொடிகூடக் கருத்து வேறுபாடு எழவில்லை.

நடுவில் இன்னொரு முறை இருக்கிறது: உறுப்பினர்கள் எல்லோரும் பரிந்துரைத்து, அதிகம் பேர் சொன்னவற்றை இறுதிப் பட்டியலாக வைப்பது. மிகவும் ஜனநாயகமாகத் தோன்றுவதால் பேரவையில் இதற்கு ஆதரவு அதிகம் இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ விருது இப்படித்தான் நடக்கிறது. 2015-இல் ஒரு கோஷ்டி, இன்னின்ன படைப்புகளையே எழுதுங்கள் என்று முன்கூட்டியே பட்டியல் சுற்றுக்கு விட்டது. சில பிரிவுகளில் இறுதிப் பட்டியல் முழுதும் அவர்கள் சொன்னதாகவே அமைந்தது. கோபம் கொண்ட மற்ற உறுப்பினர்கள் ஐந்து பிரிவுகளில் யாருக்கும் விருது இல்லை என்று வாக்களித்தார்கள்.

சிறு கோஷ்டியால் எப்படி இது முடிகிறது? எங்கள் வட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 60 பேர் ஆளுக்கு மூன்று நூல்கள் எழுதுகிறார்கள். 48 பேர் தாங்கள் படித்து ரசித்ததை எழுதுகிறார்கள். அந்த 144 குறிப்புகள் 18 நூல்களில் பரவலாகச் சிதறினால் நூலுக்கு எட்டு. மீதி 12 பேர் பேசிவைத்துக்கொண்டு ஒரே மூன்று நூல்களை எழுதுகிறார்கள், ஒவ்வொன்றுக்கும் பன்னிரண்டு. முதல் மூன்று இடமும் அந்தப் பன்னிரண்டு பேருடையது. ஐந்தில் நான்கு பேர் நேர்மையாக எழுதியும் அவர்கள் சொன்ன ஒரு நூல்கூட மேலே வராது. ஹியூகோ விருதினர் 2017 முதல் எண்ணும் முறையையே மாற்றினார்கள். ஒருவர் எழுதிய நூல்களில் எத்தனை களத்தில் மிஞ்சியிருக்கின்றனவோ அத்தனையாக அவருடைய ஒரு மதிப்பெண் பிரியும். ஒன்று விலகினால் அதன் பங்கு அவருடைய மற்ற நூல்களுக்குப் போய்ச் சேரும். கோஷ்டி ஒன்றிரண்டு இடம் பிடிக்கலாம், மொத்தத்தையும் பிடிப்பது கடினம். நல்ல கணக்குதான். ஆனால் நோட்டிலும் பென்சிலிலும் எண்ணுகிற எங்களுக்கு அது வேண்டாம். அடிப்படையான காரணம் வேறு: ஒரு நூலை எத்தனை பேர் படித்தார்கள் என்பதும் அது எவ்வளவு நல்லது என்பதும் வேறு வேறு. முந்நூறு படி அச்சான முதல் தொகுப்பு எண்ணிக்கையில் எங்கே ஜெயிக்கும்?

ஆகவே நோபல் பக்கம் சாய்கிறேன். ஆனால் பேராசிரியர்களோடு நிறுத்திக்கொள்ள மாட்டேன். மாவட்டத்தின் கிளை நூலகர்கள், விருப்பமுள்ள தமிழாசிரியர்கள், பேருந்து நிலையத்துக்கு எதிரே பழைய புத்தகக் கடை வைத்திருப்பவர், முன்பு பரிசு பெற்றவர்கள், வட்டத்தின் எந்த உறுப்பினரும். இவர்கள் தாங்கள் படித்த ஒரே ஒரு நூலைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். என்ன பிடித்தது, எந்தக் கதை, ஏன் என்று. நூலாசிரியரும் பதிப்பாளரும் பரிந்துரைக்க முடியாது. எத்தனை பேர் பரிந்துரைத்தார்கள் என்று எண்ண மாட்டோம். இறுதிக்கு வரும் ஐந்து நூல்களையும் வட்டமே விலைக்கு வாங்கும். மூன்று நடுவர்களுக்கு ஐந்தைந்து என்றால் பதினைந்து படிகள்; படி இருநூறு ரூபாய் என்று வைத்தால் மூவாயிரம். ஆண்டு விழாவில் மேடைக்குப் போடும் பூ அலங்காரத்தை விட்டால் அந்தப் பணம் கிடைத்துவிடும்.

எங்கள் குழுவின் மூன்றாவது உறுப்பினர், கல்லூரி ஆசிரியை, இதைக் கடுமையாக எதிர்த்தார். அவர் வாதத்தை நான் இன்னும் முழுதாகத் தாண்டவில்லை. "பரிந்து பேச ஆள் இருக்கிறவர்களுக்கு உங்கள் விதி நல்ல விதி. மலைக்கிராமத்திலிருந்து எழுதுகிறவர், நூலகர் முகமே அறியாதவர், குடும்பத்துக்குத் தெரியாமல் எழுதுகிற பெண், இவர்களுக்கு யார் பரிவார்கள்? பத்ம விருதுக்குத் தானே எழுதிப் போடலாம் என்று வைத்திருப்பது வெட்கம் கெட்டவர்களுக்காக அல்ல, யாரும் இல்லாதவர்களுக்காக" என்றார். அவர் சொன்னது சரி. அந்தச் செவிலியரின் கூச்சத்தை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்த எனக்கு இந்தப் பக்கம் கண்ணில் படவில்லை.

இரண்டு மாலை பேசியபின் ஒரு வழி தென்பட்டது. தகவல் வேறு, பரிந்துரை வேறு என்று பிரித்தோம். "இப்படி ஒரு நூல் வந்திருக்கிறது" என்று ஓர் அஞ்சலட்டையில் யாரும் தெரிவிக்கலாம், ஆசிரியரே தெரிவிக்கலாம். அதில் தன் நூல் நல்ல நூல் என்று அவர் ஒரு வரியும் எழுத வேண்டாம். அட்டை வந்ததும் வட்டம் ஒரு படி வாங்கி, உறுப்பினர் ஒருவரிடம் படிக்கக் கொடுக்கும். படித்தவருக்குப் பிடித்திருந்தால் பரிந்துரை அவருடையது. பிடிக்காவிட்டால் இன்னொருவரிடம் ஒருமுறை கொடுப்போம். இதற்கு உழைப்பு வேண்டும். ஆனால் படிப்பதற்காகத்தானே இந்த வட்டத்தை வைத்திருக்கிறோம்.

குடம் இங்கேதான் வருகிறது. நடுவர்களைச் செயற்குழு நியமித்தால், செயற்குழுவின் ரசனையே ஆண்டுதோறும் பரிசு வாங்கும். ஐந்து நூல்களையும் முழுதாகப் படிக்கச் சம்மதிப்பவர்களின் பெயர்களைச் சீட்டில் எழுதி, பேரவையில் எல்லோர் முன்னிலையிலும் குடத்தில் இட்டு, சிறுவர் பகுதிக்கு வரும் பிள்ளைகளில் ஒருவரைக் கொண்டு மூன்று சீட்டு எடுக்கச் சொல்கிறோம். சீட்டை வாங்குபவர் விரல்களை விரித்து வாங்க வேண்டும் என்ற விதியையும் வரைவில் சேர்த்திருக்கிறேன். பரிந்துரைத்தவரின் பெயரும் அவர் எழுதிய பக்கமும், பரிசு பெற்ற நூலுக்கு மட்டும், விழாவன்று வாசிக்கப்படும். ஐம்பது ஆண்டு காத்திருக்க எங்களுக்குப் பொறுமை இல்லை; தோற்றவர்களின் பெயரை ஊரறியச் செய்யவும் மனமில்லை.

செயலாளர் பொறுப்புக்கு எத்தனை கையெழுத்து என்பது மட்டும் இன்னும் முடியவில்லை. நான் இரண்டு என்கிறேன், நண்பர் ஐந்து என்கிறார். இரண்டையும் பேரவைக்கு விடுகிறோம். வேட்பாளர் தன் கையால் சம்மதம் எழுத வேண்டும், அரைப் பக்கத்தில் என்ன செய்ய நினைக்கிறார் என்று சொல்ல வேண்டும் என்பதில் மூவரும் ஒன்று.

பரிசுக்குக் கடந்த மூன்று ஆண்டுகளில் வந்த நூல்களை எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறோம். செவிலியரின் தொகுப்பு அந்தக் கெடுவுக்குள் வருகிறது. அதற்கான ஒரு பக்கத்தை நான் எழுத முடியாது. விதி எழுதும் குழுவில் இருப்பவர் முதல் ஆண்டில் பரிந்துரைக்கக் கூடாது என்று நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். நூலகத்தில் சிறுகதை அடுக்கின் இரண்டாம் தட்டில், பச்சை அட்டையோடு அது இருக்கிறது. நேற்று மாலை எடுத்துப் பார்த்தேன். பின்பக்கம் ஒட்டிய தாளில் இதுவரை ஒரே ஒரு தேதி முத்திரைதான் இருக்கிறது, அதுவும் நான் எடுத்த தேதி.